பத்தாவது நாள் விடுமுறை

மலர்க் குழு நண்பர்கள் போன் செய்து, "உங்க துறையைப் பத்தி ஏதாவது எழுதிக் கொடுங்க, ஆனா அட்வைஸ் மட்டும் வேண்டாம்" என்றார்கள். நல்ல நிபந்தனைதான். எச்.ஆர். ஆசாமி பேனாவைத் தொட்டால் என்ன வரும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது! ஆகவே வரலாறு எழுதுகிறேன். நம் கல்லூரியில் பொருளாதாரம் படித்தவன் என்ற முறையில் அதற்கு எனக்குக் கொஞ்சம் உரிமையும் உண்டு.

இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவ நண்பர்களுக்கு எச்.ஆர். என்றால் கேம்பஸ் இன்டர்வியூவின் கடைசி ரவுண்டு. சிரித்த முகத்தோடு "உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று கேட்கிற ஒருவர். வேலைக்குப் போய் வருஷங்கள் ஆன பழைய மாணவர்களுக்கோ அது எதையாவது செய்யக்கூடாது என்று அனுப்பப்படும் சுற்றறிக்கை. இரண்டும் உண்மைதான். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு வளர்கிற காலம் ஒரு பிரச்னையே இல்லை. ஆள் எடுக்கலாம், டிரெயினிங் கொடுக்கலாம், வெளிநாட்டில் கிளை திறந்தால் போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஆர்டர் குறைகிற வருஷம் வரும்போதுதான் வேலையே ஆரம்பிக்கிறது. சுமையை யார் தலையில் வைப்பது? எல்லோர் தலையிலும் கொஞ்சம் கொஞ்சமாகவா, சிலர் தலையில் மொத்தமாகவா? பல நாடுகளில் ஆள் வைத்திருக்கும் கம்பெனி என்றால் எந்த நாட்டுத் தலையில்? இந்தக் கேள்விக்கு வெவ்வேறு காலத்தில் என்ன பதில் சொன்னார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

நான் இந்தத் துறைக்குள் வந்தது மில் வாசல் வழியாகத்தான். கல்லூரியை முடித்துவிட்டு, சென்னையில் சமூகப்பணி படிப்பில் பெர்சனல் பிரிவை எடுத்துப் படித்தேன். பிறகு அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் சேர்ந்தேன். அப்போது எச்.ஆர். என்ற சொல்லே கிடையாது. மஸ்டர் ரோல், கேட் பாஸ், ஸ்டேண்டிங் ஆர்டர், சார்ஜ் ஷீட், என்கொயரி. இதுதான் பெர்சனல் டிபார்ட்மென்ட். அது நிர்வாகத்தின் கருணையால் பிறந்த துறையுமல்ல. 1918-இல் பக்கிங்காம் கர்நாடிக் மில் தொழிலாளர்களுக்காக சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்ற அந்தச் சங்கம் நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படுவது. அதற்குப் பிறகு முப்பது வருஷம் போராட்டமும் பேச்சுவார்த்தையும் நடந்த பின்னால்தான், 500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் ஆலையில் லேபர் வெல்ஃபேர் ஆபீசர் இருந்தாக வேண்டும் என்று 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டம் விதித்தது. சட்டம் போட்டு வாங்கிய நாற்காலி அது.

ஆட்குறைப்புக்கும் அங்கே சட்டம் இருந்தது. 1947-ஆம் வருடத் தொழில் தகராறு சட்டத்தில் 1953-இல் சேர்த்த பிரிவுகளை எங்கள் சீனியர் வெல்ஃபேர் ஆபீசர் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஒரு மாத நோட்டீஸ். வேலை செய்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சம்பளம். கடைசியில் வந்தவர் முதலில் போகவேண்டும். 1976-இல் இன்னொரு அத்தியாயம் சேர்ந்தது. பெரிய ஆலைகள் ஆளை அனுப்புவதானால் அரசாங்கத்திடம் முன் அனுமதி வாங்கவேண்டும். இந்தச் சட்டங்களால் தொழில் வளரவில்லை என்று பொருளாதார அறிஞர்கள் எழுதுவார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். ஆனால் ஒன்று. யாரை அனுப்புவது என்ற கேள்விக்கு மேனேஜரின் விருப்பு வெறுப்பு பதிலாக இருக்கவில்லை. சீனியாரிட்டி லிஸ்ட் நோட்டீஸ் போர்டில் ஒட்டப்பட்டிருக்கும். தன் பெயர் எங்கே இருக்கிறது என்று கடைசி ஹெல்பர் வரைக்கும் தெரியும்.

இப்போது கலிபோர்னியாவுக்குப் போவோம். நம் ஊர் சாஃப்ட்வேர் கம்பெனிகள் தங்கள் பழக்க வழக்கங்களை அம்பத்தூரிலிருந்து எடுத்துக்கொள்ளவில்லை. அங்கிருந்துதான் எடுத்துக்கொண்டன.

பாலோ ஆல்டோவில் ஒரு வீட்டின் பின்னாலிருந்த கார் ஷெட்டில் 1939-இல் பில் ஹ்யூலெட்டும் டேவிட் பேக்கார்டும் 538 டாலர் முதலில் ஒரு கம்பெனி ஆரம்பித்தார்கள். யார் பெயர் முதலில் வருவது என்று காசு சுண்டிப் பார்த்தார்கள் என்ற கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அந்தக் கம்பெனியில் முதல் 18 வருஷம் பெர்சனல் டிபார்ட்மென்டே இல்லை! அசட்டையினால் அல்ல, வேண்டுமென்றே வைக்கவில்லை. தன் கீழே வேலை செய்கிறவனைக் கவனித்துக்கொள்வது அந்தந்த மேனேஜரின் வேலை, அதை இன்னொரு இலாகாவிடம் ஒப்படைத்தால் மேனேஜர் கை கழுவிவிடுவார் என்பது பேக்கார்டின் எண்ணம். 1957-இல் ஒரு பெர்சனல் துறையை வைத்தபோதும் அது மேனேஜருக்கு ஒத்தாசை செய்யத்தானே ஒழிய அவருக்குப் பதிலாக அல்ல என்றார். அதே 1957-இல், சோனோமா என்ற ஊரில் மூத்த அதிகாரிகளைக் கூட்டி வைத்து கம்பெனியின் குறிக்கோள்களை எழுத்தில் வடித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் பங்குகள் பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. எழுத்தில் வைத்தது முதலில், பங்குச் சந்தை பிறகு.

அதற்கும் முன்னாலேயே அவர்கள் எடுத்த ஒரு முடிவு உண்டு. பெரிய அரசாங்க கான்ட்ராக்ட் வந்தால் கூட்டமாக ஆள் எடுத்து, கான்ட்ராக்ட் முடிந்ததும் கூட்டமாக அனுப்புவது அந்நாளைய அமெரிக்க வழக்கம். அந்த மாதிரிக் கம்பெனியாக நாம் இருக்கப்போவதில்லை என்று முடிவு செய்து, அப்படிப்பட்ட வேலைகளை வேண்டாம் என்று விட்டார்கள். ஆரம்ப காலத்தில் ஊழியர் ஒருவருக்குக் காசநோய் வந்து குடும்பம் கஷ்டப்பட்டது. அதைப் பார்த்த பிறகுதான் பெரிய நோய்களுக்கான மருத்துவ இன்ஷூரன்ஸ் ஏற்பாடு செய்தார்கள். இதையெல்லாம் பேக்கார்டு 1995-இல் வெளிவந்த 'தி எச்.பி. வே' என்ற தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். முதலாளி எழுதிய புத்தகம்தான், அதனால் கொஞ்சம் கழித்துப் படிக்கவேண்டும். ஆனால் 1970-ஆம் வருஷத்துச் சம்பவத்தில் கழிக்க ஒன்றும் இல்லை.

அந்த வருஷம் அமெரிக்காவில் மந்தம். எச்.பி.க்கு வந்த ஆர்டர், உற்பத்தித் திறனைவிடக் கிட்டத்தட்ட 10 சதவிகிதம் குறைவு. கணக்குப்படி 10 சதவிகிதம் பேரை அனுப்பவேண்டும். பேக்கார்டு அப்போது வாஷிங்டனில் பாதுகாப்புத் துறையின் துணைச் செயலாளர், கம்பெனியை நடத்தியவர் ஹ்யூலெட். என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு வாரத்தில் பத்து வேலை நாள் அல்லவா? அதில் ஒன்பது நாள் வேலை, பத்தாவது நாள் விடுமுறை. ஒன்று விட்டு ஒரு வெள்ளிக்கிழமை ஆலைக்குப் பூட்டு. சம்பளத்திலும் 10 சதவிகிதம் பிடித்தம். மேலதிகாரிகளுக்கும் அதே பிடித்தம், அதே வெள்ளிக்கிழமை. ஆறு மாதம் இப்படி நடந்தது. ஆர்டர் திரும்பி வந்தது. எல்லோரும் பழையபடி பத்து நாள் வேலைக்கு வந்தார்கள். யாரும் போகவில்லை.

மேனேஜ்மென்ட் வகுப்புகளில் இந்தக் கதையைச் சொல்லிக் கைதட்டு வாங்குவார்கள். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் விட்டுவிடுவார்கள். அந்தத் திட்டம் எச்.பி.யின் அமெரிக்க ஆலைகளுக்கும் தலைமையகத்துக்கும்தான். அந்தச் சமயத்தில் கம்பெனி வெளிநாட்டுக்குப் போய்ப் பத்து வருஷம் தாண்டிவிட்டது. 1959-லேயே ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கத்திலுள்ள போப்லிங்கன் ஊரில் ஆலை, ஜெனிவாவில் ஐரோப்பிய அலுவலகம். 1963-இல் ஜப்பானில் யோகோகாவா கம்பெனியோடு கூட்டு. ஒரு நாட்டுக்குள் நியாயமாகத் தெரிந்த விதி எல்லையைத் தாண்டிப் போகவில்லை. எல்லையைத் தாண்டிய விதியும் ஒன்று உண்டு, ஆனால் எதிர்த்திசையில்! காலையில் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், வந்த நேரத்திலிருந்து கணக்கு, மணி நிறைந்ததும் போகலாம் என்ற 'ஃப்ளெக்ஸி டைம்' 1967-இல் போப்லிங்கன் ஆலையில் ஆரம்பித்துப் பிறகு அமெரிக்க ஆலைகளுக்குப் போனது. கிளையில் பிறந்து தலைமையகத்துக்குப் போன இப்படிப்பட்ட விதி அபூர்வம்.

ஐ.பி.எம். கதை வேறு மாதிரி. 1930-களின் பெருமந்தத்தில் அமெரிக்காவில் ஆலை ஆலையாக மூடியபோது, தாமஸ் வாட்சன் தன் ஆலைகளை நிறுத்தாமல் இயந்திரங்களைச் செய்து குடோனில் அடுக்கிக்கொண்டே போனார். கிறுக்கு என்றார்கள். 1935-இல் அமெரிக்க அரசு சமூகப் பாதுகாப்புச் சட்டம் போட்டது. கோடிக்கணக்கான பேருக்குக் கணக்கு வைக்க இயந்திரம் வேண்டியிருந்தது. உடனே கொடுக்கும்படி சரக்கு வைத்திருந்தவர் வாட்சன். கிறுக்கு தீர்க்கதரிசி ஆனார். அதிலிருந்து, வேலை இல்லை என்பதற்காக யாரையும் அனுப்புவதில்லை என்பது ஐ.பி.எம்.மின் மரபாகவே ஆகிவிட்டது. அவர் மகன் தாமஸ் வாட்சன் ஜூனியர் 1953-இல் ஒரு கடிதம் எழுதினார். இனம், நிறம், மதம் பார்க்காமல் ஆள் எடுக்கவேண்டும் என்று மேனேஜர்களுக்கு உத்தரவு. நிறப் பாகுபாடு வழக்கமாக இருந்த தென் மாநிலங்களில் ஆலை வைக்கப்போகிற சமயம் அது. பள்ளிகளில் நிறப் பிரிவினை செல்லாது என்று அமெரிக்க உச்சநீதிமன்றம் சொன்னது அடுத்த வருஷம்தான். 1958-இல் மணிக்கூலி முறையை ஒழித்து ஆலைத் தொழிலாளி உட்பட எல்லோரையும் மாதச் சம்பளக்காரர்கள் போலவே ஆக்கினார்கள்.

ஐ.பி.எம். தன் ஐரோப்பிய அலுவலகத்தில் ஒரு காரியம் செய்தது. 1965-இல் கேர்ட் ஹோஃப்ஸ்டெட் என்ற டச்சு எஞ்சினியரை வைத்துப் பெர்சனல் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று ஏற்படுத்தினார்கள். 1967-க்கும் 1973-க்கும் இடையில் பல நாட்டு ஊழியர்களிடம் வினாத்தாள் கொடுத்து வாங்கியதில் 1,16,000 சேர்ந்தன. மேலதிகாரியிடம் மறுத்துப் பேசப் பயப்படுகிறீர்களா, எப்படிப்பட்ட மேனேஜர் பிடிக்கும் என்பது மாதிரிக் கேள்விகள். 1980-இல் அவர் அதைப் புத்தகமாகப் போட்டபோது கம்பெனிப் பெயரை 'ஹெர்மிஸ்' என்று மாற்றி மறைத்தார். மேலே இருப்பவருக்கும் கீழே இருப்பவருக்கும் உள்ள தூரத்துக்கு அவர் ஒரு மார்க் போட்டார். இந்தியாவுக்கு 77, அமெரிக்காவுக்கு 40, ஆஸ்திரியாவுக்கு வெறும் 11. இன்றைக்கும் எச்.ஆர். டிரெயினிங் என்றால் இந்த மார்க்கைத் திரையில் போட்டு, "இந்தியர்கள் இப்படித்தான்" என்று ஆரம்பிப்பார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை கிடையாது. அந்த 77 எங்கிருந்து வந்தது? அந்நாளைய இந்திய ஐ.பி.எம். ஊழியர்கள் கொடுத்த பதில்களிலிருந்து. கோட்டும் டையும் கட்டி மெயின்ஃப்ரேம் விற்றவர்களின் பதிலை வைத்து உசிலம்பட்டியையும் உதம்பூரையும் சேர்த்து அளந்தால் எப்படி? அந்த ஐ.பி.எம்.மே, அந்நியச் செலாவணிச் சட்டப்படி பங்கைக் குறைக்கச் சம்மதிக்காமல், 1978-இல் நாட்டை விட்டுப் போய்விட்டது. மார்க் மட்டும் இங்கேயே தங்கிவிட்டது.

ஆனாலும் அந்தத் தூரம் பொய் என்று சொல்லமாட்டேன். எங்கள் கம்பெனியில் எல்லோரும் எல்லோரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடவேண்டும் என்று விதி. பாலோ ஆல்டோ பழக்கம். புதிதாகச் சேர்ந்த பையன்கள் மூன்று மாதம் பெயரும் சொல்லாமல் சாரும் சொல்லாமல் "அது வந்து... அந்த ஃபைல்..." என்று இழுத்துக்கொண்டிருப்பார்கள்.

இந்த நாட்டு சாஃப்ட்வேர் கதையை நீட்டவேண்டியதில்லை, உங்களில் பாதிப் பேர் அதற்குள்ளேதான் இருக்கிறீர்கள். 1968-இல் டி.சி.எஸ்., 1981-இல் ஏழு எஞ்சினியர்கள் சேர்ந்து இன்ஃபோசிஸ், 1991-இல் சாஃப்ட்வேர் டெக்னாலஜி பார்க் திட்டம், 1994-இல் சென்னையில் காக்னிசன்ட், 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க். எச்.ஆர். பார்வையில் இரண்டைச் சொல்லவேண்டும். ஒன்று, விப்ரோ 1995-இல் பிட்ஸ் பிலானியோடு சேர்ந்து பி.எஸ்ஸி. படித்தவர்களை எடுத்து, வேலையும் கொடுத்து எம்.எஸ். பட்டமும் படிக்க வைத்த திட்டம். எஞ்சினியரிங் படிக்காதவனுக்குக் கம்ப்யூட்டர் வேலையா என்ற கேள்வியை அது முடித்துவைத்தது. நம் கல்லூரி போன்ற கலை அறிவியல் கல்லூரிகளின் வாசலுக்குக் கேம்பஸ் இன்டர்வியூ வந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம். இன்னொன்று, 'பெஞ்ச்'. ஒரு புராஜெக்ட் முடிந்து அடுத்தது கிடைக்கும்வரை சம்பளத்தோடு காத்திருப்பது. மில்லில் பதிலித் தொழிலாளி சம்பளமில்லாமல் கேட்டில் நிற்பார், இங்கே சம்பளத்தோடு ஏ.சி. அறையில். வளர்கிற காலத்தில் பெஞ்ச் என்பது கையிருப்புச் சரக்கு, வாட்சனின் குடோன் மாதிரி. சுருங்குகிற காலத்தில் முதல் கத்தி அங்கேதான் விழும்.

இங்கே நாங்கள் வளர்ந்துகொண்டிருந்த காலத்தில் அங்கே அந்த இரண்டு பழைய வீடுகளும் இடிந்தன. ஐ.பி.எம். 1991-லிருந்து மூன்று வருஷம் தொடர்ந்து நஷ்டம், 1993-இல் மட்டும் 800 கோடி டாலருக்கு மேல். அந்த வருஷம் அறுபது வருஷத்து மரபு முறிந்து நேரடியாக ஆட்குறைப்பு. 1985-இல் 4 லட்சத்தைத் தாண்டியிருந்த ஊழியர்கள் 1994-இல் 2,20,000 ஆனார்கள். எச்.பி. கதை இன்னும் கசப்பு. 2001 ஜூன் மாதம் நிர்வாகம் ஊழியர்களைக் கேட்டது: நிலைமை சரியில்லை, 10 சதவிகிதம் சம்பளத்தை விட்டுக்கொடுக்கலாம், அல்லது எட்டு நாள் விடுப்பை விட்டுக்கொடுக்கலாம், அல்லது இரண்டிலும் பாதிப் பாதி, விருப்பமில்லை என்றாலும் சரி. 80,000-க்கு மேற்பட்டவர்கள் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். 1970-இன் நினைவுதான் காரணம் என்று நினைக்கிறேன். அதே ஜூலை முடிவதற்குள் 6,000 பேரை அனுப்பப்போவதாக அறிவிப்பு வந்தது. 1970-இல் சம்பளக் குறைப்பு ஆட்குறைப்புக்குப் பதிலாக வந்தது. 2001-இல் அது ஆட்குறைப்புக்கு முன்னால் வந்தது. விட்டுக்கொடுத்த தொகை 13 கோடி டாலர் என்று கணக்குச் சொன்னார்கள். இழந்தது எவ்வளவு என்று யாரும் கணக்குப் போடவில்லை. அடுத்த வருஷம் காம்பாக் இணைப்பு, இன்னும் 15,000 பேர்.

இந்த வித்தியாசம் எனக்கு நேரடியாகக் காரியத்துக்கு வந்தது 2008 கடைசியில். அப்போது நான் சென்னையில் ஆரம்பித்து வெளிநாடுகளில் கிளை விட்டிருந்த ஒரு நடுத்தர சாஃப்ட்வேர் கம்பெனியில் எச்.ஆர். தலைவன். நியூஜெர்சி, ஸ்டுட்கார்ட், சிங்கப்பூர் என்று மூன்று கிளைகள். செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் விழுந்தது. அமெரிக்க வாடிக்கையாளர் இருவர் நிதித் துறை, ஜெர்மன் வாடிக்கையாளர்கள் கார் உதிரிபாகத் துறை. நவம்பரில் பெஞ்சில் உட்கார இடம் போதவில்லை. டைரக்டர்கள் கூட்டத்தில் ஆள் பட்டியல் கேட்டார்கள். நான் பட்டியலோடு எச்.பி.யின் இரண்டு வருஷத்தையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போனேன். எங்கள் எம்.டி. தாளைப் படித்துவிட்டு, "சரி, 1970 செய்வோம். எல்லா ஊரிலும் ஒரே மாதிரி செய்யுங்க, பாரபட்சம் கூடாது" என்றார். நல்ல மனிதர். ஆனால் ஒரே மாதிரி செய்யத்தான் முடியாது என்பது அடுத்த மூன்று வாரத்தில் தெரிந்தது.

சிங்கப்பூரில் 2009 ஜனவரி பட்ஜெட்டில் அரசே கை கொடுத்தது. மத்திய சேமநிதி கட்டும் ஒவ்வொரு ஊழியருக்கும், மாதச் சம்பளத்தின் முதல் 2,500 வெள்ளியில் 12 சதவிகிதம் முதலாளிக்குத் திரும்பிவரும், ஆளை வைத்துக்கொள் என்று. அங்கே சம்பளத்தில் கை வைக்கவேண்டிய அவசியமே ஏற்படவில்லை. ஜெர்மனியில் 'குர்ட்ஸ்ஆர்பைட்' என்று பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. வேலை நேரத்தைக் குறைத்தால், குறைந்த சம்பளத்தில் 60 சதவிகிதத்தை, குழந்தை உள்ளவர் என்றால் 67 சதவிகிதத்தை, அரசின் வேலைவாய்ப்பு நிதி கொடுக்கும். ஊழியர்களின் ஒர்க்ஸ் கவுன்சிலோடு உட்கார்ந்து ஒப்பந்தம் போடவேண்டும். ஸ்டுட்கார்ட் அலுவலகத்துப் பெண்மணி ஒருவர் சட்டப் பிரிவு எண்களோடு வந்து உட்கார்ந்தபோது எனக்கு அம்பத்தூர் சீனியர்தான் ஞாபகம் வந்தார். நான்கு மணி நேரத்தில் முடிந்தது. தலைமையகத்தில் நான்கு வாரம் ஆனதை நினைத்தால் பொறாமையாக இருந்தது.

நியூஜெர்சிதான் சிக்கல். அங்கே எங்கள் ஆட்களில் பெரும்பாலோர் எச்-1பி விசாவில் போனவர்கள். 1990-ஆம் வருஷச் சட்டத்தில் வருஷத்துக்கு 65,000 என்று ஆரம்பித்து, சாஃப்ட்வேர் மோகத்தில் 1,95,000 வரைக்கும் ஏறி, 2004 நிதியாண்டிலிருந்து மறுபடி 65,000-க்கு இறங்கியிருந்த விசா. இந்த விசாக்காரருக்கு, விண்ணப்பத்தோடு எழுதிக் கொடுத்த சம்பளத்துக்குக் கீழே கொடுக்கக்கூடாது. புராஜெக்ட் இல்லை என்று சம்பளமில்லாமல் உட்காரவைப்பதையும் 1998-இல் வந்த சட்டம் தடுத்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருக்கும் அமெரிக்கரின் சம்பளத்தைக் குறைக்கலாம், நாளைக்கே வீட்டுக்குப் போ என்றும் சொல்லலாம். விசாக்காரரின் சம்பளத்தில் கை வைக்க முடியாது. அதற்காக அவரைப் பாக்கியசாலி என்றும் சொல்லிவிடாதீர்கள். வேலை போனால் அந்த நாட்டில் தங்க அவருக்கு அப்போது ஒரு நாள் அவகாசம்கூட விதியில் இல்லை. 60 நாள் என்ற ஏற்பாடு 2017-இல்தான் வந்தது. பாதியில் பள்ளிக்கூடம், காருக்குக் கடன், ஊருக்குத் திரும்ப டிக்கெட்.

மிஞ்சியது சென்னை. அரசாங்க உதவியும் இல்லை, கவுன்சிலும் இல்லை. சீனியாரிட்டி லிஸ்ட் ஒட்ட நோட்டீஸ் போர்டுகூட இல்லை. ஆக, சம்பளக் குறைப்பு என்பது நடைமுறையில் சென்னைக்காரர்களின் குறைப்பாகத்தான் ஆகும் என்பது எனக்கும் தெரிந்தது, டைரக்டர்களுக்கும் தெரிந்தது. எம்.டி.க்கும் டைரக்டர்களுக்கும் 25 சதவிகிதம், அதற்கடுத்த படிகளில் 15, 10. டிரெயினியாக வந்து இரண்டு வருஷம் ஆகாதவர்களுக்குக் குறைப்பே இல்லை. ஒவ்வொருவரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கவேண்டும்.

கேன்டீன் ஹாலில் எல்லோரையும் கூட்டி விஷயத்தைச் சொன்னோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்வரிசையிலிருந்து டெஸ்டிங் பிரிவுப் பெண் ஒருத்தி எழுந்தாள்.

"இது ஆள் எடுக்கிறதுக்குப் பதிலாவா, இல்ல ஆள் எடுக்கிறதுக்கு முன்னாலயா?"

ஆள் எடுக்கிறது என்று அவள் சொன்னது வீட்டுக்கு அனுப்புவதை. அவளுக்கு எச்.பி. கதை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. எம்.டி. "பதிலாத்தாம்மா" என்றார். "அதை அந்த லெட்டர்ல எழுதுவீங்களா?" என்றாள். அவர் என்னைப் பார்த்தார். அன்று மாலையே சுற்றறிக்கையைத் திருத்தினோம். 2009 செப்டம்பர் 30 வரை வேலையின்மை காரணமாக யாரும் அனுப்பப்படமாட்டார்கள், அப்படி அனுப்ப நேர்ந்தால் அதுவரை பிடித்த தொகை முழுவதும் எல்லோருக்கும் திருப்பித் தரப்படும் என்று ஒரு பாரா. எங்கள் வக்கீலுக்கு அந்தப் பாரா பிடிக்கவில்லை. அது போகட்டும். அது இல்லாமல் முந்நூறு கையெழுத்தும் வந்திருக்காது.

எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று எழுதினால் கதையாகிவிடும். டீம் லீடர் ஒருவர் என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார். வழக்கமாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர் அன்றைக்கு, "சார், ஒரு கேள்வி" என்று ஆரம்பித்தார். "நானும் நியூஜெர்சில இருக்கிறவனும் ஒரே மாட்யூல்தான் பண்றோம். ராத்திரி பதினொரு மணிக்கு அவன் கால்ல நானும் உட்கார்றேன். எனக்குப் பத்து பெர்சன்ட் கட், அவனுக்கு இல்லை. கம்பெனி ஒண்ணுதானே?" சட்டத்தைச் சொன்னேன். "அப்ப நம்ம ஊர்ல சட்டம் இல்லாததாலதான் எங்க சம்பளத்துல கை வைக்கிறீங்க" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். நல்ல ஆள், நஷ்டம்தான். ஆகஸ்டில் ஆர்டர்கள் திரும்பத் தொடங்கின, அக்டோபரிலிருந்து முழுச் சம்பளம். யாரையும் அனுப்பவில்லை. பிடித்த தொகை திரும்ப வரவில்லை, வருமென்று நாங்களும் சொல்லவில்லை.

அந்த டீம் லீடரின் கேள்வி பிறகு பெரிய இடங்களிலும் கேட்கப்பட்டது. சாஃப்ட்வேர் ஊழியர் தொழிலாளியா, சங்கம் வைக்கலாமா என்று வழக்குகள் வந்தன. தகவல் தொழில்நுட்ப ஊழியர்கள் சங்கம் அமைக்கத் தடை ஏதும் இல்லை என்று 2016-இல் தமிழக அரசு தெளிவுபடுத்தியது. திரு.வி.க. மேடையேறிய ஊரிலேயே அதைத் தனியாகச் சொல்லவேண்டிய நிலைமை! 2023 ஜனவரியில் கூகுள் உலகம் முழுவதும் 12,000 பேரைக் குறைப்பதாக அறிவித்தபோது, அமெரிக்காவில் பலர் காலையில் எழுந்து கம்ப்யூட்டருக்குள் நுழைய முடியாமல்தான் விஷயத்தைத் தெரிந்துகொண்டார்கள். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் அப்படிச் செய்ய முடியவில்லை. கவுன்சில்களோடு பேசி முடிக்க மாதக்கணக்கில் ஆனது. 2025 செப்டம்பரில் புது எச்-1பி மனுக்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அமெரிக்க அதிபர் உத்தரவிட்டார். அதே வருஷம் நவம்பரில் இங்கே நான்கு தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்தன. ஆட்குறைப்புக்கு அரசு அனுமதி வாங்கவேண்டிய வரம்பு 100 தொழிலாளர் என்பதிலிருந்து 300 ஆயிற்று. வேலை இழக்கும் தொழிலாளிக்கு 15 நாள் சம்பளத்துக்குச் சமமான தொகையை மறுபயிற்சி நிதிக்கு முதலாளி கட்டவேண்டும் என்ற புது விதியும் அதில் இருக்கிறது.

2009-ஆம் வருஷத்துச் சுற்றறிக்கையின் நான்கு வடிவங்களையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். சிங்கப்பூருடையது அரைப் பக்கம், நியூஜெர்சியுடையது ஒரு பக்கம், ஜெர்மன் ஒப்பந்தம் ஒன்பது பக்கம், திருத்திய பாராவோடு சென்னையுடையது இரண்டு பக்கம். பெயர்களை அடித்துவிட்டு ஜெராக்ஸ் எடுத்து, அம்பத்தூர் காலத்து ஸ்டேண்டிங் ஆர்டர் புத்தகம் ஒன்றோடு சேர்த்து, வணிகவியல் துறை நூலகத்துக்குக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஒன்றுகூடல் நாளன்று கொண்டுவருகிறேன். தொழிலாளர் சட்டம் படிக்கிற மாணவர்கள் யாராவது இருந்தால், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்தில் பார்க்கலாம்.